தூங்குமூஞ்சி மரம் தூங்கவில்லை

அக்டோபர் 14, திங்கள்

போன வருட அறிவியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம் இருபது தாள்கள் காலியாக இருக்கின்றன. அதில் எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். அப்பாவின் குறட்டை கேட்கிறது. அது நின்றால் நானும் நிறுத்திவிடுவேன்.

இன்று மாலை ஹஃப்சா ஒரு வேடிக்கை சொன்னாள். அப்போதிலிருந்து எனக்குப் படிப்பு ஓடவில்லை.

வழக்கம்போல மரத்தடிப் படிப்பகத்தில் இருந்தோம். படிப்பகம் என்றால் கட்டடம் இல்லை. பூங்காவின் நடுவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அதைச் சுற்றி மண்கற்களால் வட்டமாக மூன்று படிகள், நான்கு சோலார் விளக்குகள், அவ்வளவுதான். “கூரைக்கு மரம் இருக்கறப்போ கான்கிரீட் எதுக்கு?” என்று இதை வரைந்த ஆர்க்கிடெக்ட் தேன்மொழி மேடம் திறப்பு விழாவில் கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான்தான் அதிகம் தட்டினேன். அந்த மரத்தை அங்கே கொண்டுவந்து வைத்தது என் அப்பா. மரங்களை இடம் மாற்றி நடுவதுதான் அவருடைய தொழில். ரோடு அகலப்படுத்த வெட்ட இருந்த மரத்தை வேரோடு பெயர்த்து, கிரேனில் தூக்கி, ஜனவரியில் இங்கே நட்டார். மார்ச்சில் அது துளிர்த்தபோது பேப்பரில் அப்பாவின் போட்டோ வந்தது.

ஹஃப்சா கணக்குப் போட்டுக்கொண்டே மேலே பார்த்தாள். “நிரூ, ஒண்ணு கவனிச்சியா? கேட்டுக்கிட்ட இருக்கற தூங்குமூஞ்சி மரமெல்லாம் ஆறு மணியானா இலைய மூடிக்குது. நம்ம மரம் மட்டும் தூங்கவே மாட்டேங்குது. அதுக்கும் அரையாண்டுப் பரீட்சை போல!”

சிரித்தேன். பிறகு நானும் பார்த்தேன்.

மேலே பச்சையாக இருந்தது முழுக்கக் கொடி. ஊதாப் பூ பூக்கிற கொடி, ரயில் பாதை ஓரமெல்லாம் படர்ந்து கிடக்குமே, அது. அப்பாதான் ஜூனில் வைத்தார், மரத்தில் வெயில் படாமல் இருக்க என்று. நான் மரத்தின் சொந்த இலையைத் தேடினேன். இந்தப் பக்கம் இல்லை. எழுந்து அந்தப் பக்கம் போனேன். மூன்று தடவை சுற்றி வந்தேன்.

“என்னடி, கோயில் சுத்தறியா?” என்றாள்.

ஒன்றுகூட இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

மரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அப்பா பட்டையை நகத்தால் கீறுவார். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. நான் காம்பஸ் முனையால் ஐந்து இடங்களில் கீறினேன். ஐந்திலும் பழுப்பு. ஓர் இடத்தில் பொடி கொட்டியது.

அக்டோபர் 17, வியாழன்

யூனிஃபார்ம் தேய்த்தேன். ஊறவைத்துத் துவைத்தும் துப்பட்டாவில் இன்னும் மை போகவில்லை. அம்மா கீரை ஆயச் சொன்னாள், ஆய்ந்தேன்.

அப்பா சாப்பிட உட்காரும்போதே சிரித்துக்கொண்டிருந்தார். ரிங் ரோட்டில் நாற்பத்திரண்டு மரங்கள் நிற்கின்றன. வெட்டுவதா, மாற்றி நடுவதா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி வருகிறதாம், நவம்பர் ஒன்பதாம் தேதி. முதலில் நம் மரத்தைத்தான் பார்ப்பார்களாம்.

“நம்மளுது நல்லா இருந்தா நாப்பத்திரண்டும் பொழச்சுக்கும். இல்லீன்னா ரம்பந்தான்” என்றார் அப்பா.

“நம்ம மரம் நல்லாத்தானுங்கப்பா இருக்குது?” என்று கேட்டேன்.

“அதுக்கென்ன அம்மிணி, ஜம்முனு இருக்குது. அந்த ரசத்த இப்படி நகத்து.”

ரசம் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் அப்பாவுக்கு டீ கொண்டுபோகச் சொல்லி அம்மா பூங்காவுக்கு அனுப்பினாள். அப்பாவும், அவரிடம் பத்து வருடமாக வேலை செய்கிற பொன்னான் அண்ணனும் அங்கே இருந்தார்கள். நீளமான மூங்கிலின் நுனியில் கொடியை மாட்டி, எட்டாத கிளைமேல் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். துணி காயப்போடுகிற மாதிரி.

“ஏறிக் கட்டினா சீக்கிரம் முடியுமேண்ணா?” என்றேன் பொன்னான் அண்ணனிடம்.

“ஏறுனாத் தாங்குமா அது!” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அப்பா ஃபிளாஸ்க்கைத் திறந்தார். இரண்டு பேரும் டீ குடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை.

அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். இதை எழுதிப் பார்த்தால் நம்ப முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. கீரைக்கட்டில் ஒரு பழுத்த இலை இருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற அப்பா.

முன்பு மரத்தை நான்கு பக்கமும் கம்பி வைத்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள் என்று ஆகஸ்டில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

நேற்றும் இன்றும் மழை. ஸ்கூல் விட்டு வரும்போது மரத்தடிக்குப் போனேன். கிழக்குப் பக்கம் மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு விழுந்திருக்கிறது. என் உள்ளங்கை முழுதும் உள்ளே போகிறது. மேல்படியில் ஒரு மண்கல் விரிந்திருக்கிறது. மரம் மேற்கே சாய்கிறது. மேற்குப் படியில்தான் ஹஃப்சா உட்காருவாள், அங்கேதான் விளக்கு வெளிச்சம் நன்றாக விழும்.

இனி எழுதப்போவதை எழுதக் கூடாது என்றிருந்தேன்.

மரத்தைப் பெயர்த்த அன்று நானும் போயிருந்தேன். வேரை மண்ணோடு ‘வேர்ப்பந்து’ என்ற உருண்டையாக வெட்டி, சணல் சாக்கு சுற்றிக் கட்டுவார்கள். சணல் என்றால் அப்படியே புதைக்கலாம், மண்ணில் மக்கிவிடும். அன்று கீழ்ப்பாதிக்குச் சாக்கு போதவில்லை. அப்பா டிராஃபிக் போலீஸிடம் பேசப் போயிருந்தார். பொன்னான் அண்ணன் கிரேன்காரரோடு இருந்தார். பன்னிரண்டு மணிக்குள் ரோட்டைத் திறந்துவிட வேண்டும் என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். வேனில் வெள்ளைப் பிளாஸ்டிக் அரிசிச் சாக்குகள் கிடந்தன. நான் அவற்றைக் கிழித்துக் குழிக்குள் இறங்கிக் கீழே சுற்றிக் கட்டி, இருந்த சணலை மேலே போட்டு மறைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. அப்பா திரும்பி வந்து, “பரவால்லியே, முடிச்சுட்டீங்களா!” என்று என் தலையைத் தட்டினார். நான் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அப்புறம் கிரேன் தூக்கிவிட்டது.

சுற்றுச்சூழல் தினப் பேச்சுப் போட்டியில் பிளாஸ்டிக் பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கியதும் நான்தான். பரிசாக வந்த தட்டில்தான் அம்மா இப்போது தேங்காய்ச் சில் வைக்கிறாள்.

பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கும். அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே முடியவில்லை.

குறட்டை நின்றுவிட்டது.

அக்டோபர் 24, வியாழன்

ஹஃப்சாவிடம் இனி எங்கள் வீட்டில் படிக்கலாம் என்றேன்.

“உங்க வீட்ல டிவி ஓடும். எங்க வீட்ல நான் புஸ்தகத்த விரிச்சா யாராச்சும் எந்திரிச்சு நிக்கணும். எனக்கு வெளிச்சம், காத்து, உக்கார எடம் மூணும் இருக்கறது அங்க மட்டுந்தான். நீ வராட்டிப் போ” என்றாள்.

போய் உட்கார்ந்தாள். மேற்குப் படியில்.

அக்டோபர் 25, வெள்ளி

ஹஃப்சா இன்றும் போனாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

செய்துவிட்டேன்.

அப்பாவின் வேனிலிருந்து சிவப்பு வெள்ளை ரிப்பன் சுருளையும் ஒரு தகரப் பலகையையும் பெயின்டையும் எடுத்தேன். மத்தியானம் பூங்கா பூட்டியிருக்கும் நேரம், பின்பக்க வேலி வழியே போனேன். “மலைத்தேனீக் கூடு உள்ளது. உள்ளே வராதீர்கள்” என்று பெரிதாக எழுதி, படிகளைச் சுற்றி ரிப்பன் கட்டினேன். கட்டும்போது மரம் க்ரீச் என்றது. இல்லை, வேலியாகக்கூட இருக்கலாம்.

இனி யாரும் உட்கார மாட்டார்கள். அப்பாவுக்கும் ஒன்றும் ஆகாது. இவ்வளவு சுலபமான வழி ஏன் முன்பே தோன்றவில்லை!

அக்டோபர் 28, திங்கள்

ஒருவர்கூட உள்ளே போகவில்லை. வாக்கிங் வரும் தாத்தாக்கள் பத்தடி தள்ளி நின்று கூடு எங்கே என்று ஆளுக்கொரு திசையில் காட்டினார்கள். ஒருவர் பார்த்தே விட்டாராம். “யானைக் காது மாதிரி தொங்குதுங்க!”

ஹஃப்சா பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து படித்தாள். எழுந்து போன ஒவ்வொருவரும் அவள் காலை மிதித்துவிட்டுப் போனார்கள்.

ராத்திரி அப்பா கேட்டார், “படிப்பகத்துல யாரு போர்டு வெச்சான்னு தெரியுமா அம்மிணி?”

தெரியாது என்றேன். தட்டில் இருந்த என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “சாப்ட்டுட்டுக் கைய நல்லாக் கழுவு. நகக்கண்ணுல அழுக்கு” என்றார்.

நன்றாகத்தான் கழுவியிருந்தேன். பெயின்ட் போகவில்லை.

அக்டோபர் 31, தீபாவளி

புது டிரெஸ் தோளில் இறுக்குகிறது. அதிரசம் உதிர்ந்துவிட்டது. காற்று பலமாக அடித்தது. வெடி வெடிக்கும் ஒவ்வொரு முறையும் மரம் விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

தேன்மொழி மேடம் அப்பாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் கேட்டது.

“துரைசாமி சார், கமிட்டி வர்றப்போ ரிப்பனும் போர்டுமா இருந்தா நல்லா இருக்காது. தேனீ எடுக்கறவர் ஒருத்தர மலையிலேந்து வரச் சொல்லியிருக்கேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏறி எடுத்துடுவாரு.”

“ஏறியா?” என்றார் அப்பா.

“ஏறாம எப்படி எடுக்கறது?”

அப்பா போனை வைத்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே காலண்டர்கூட இல்லை.

நான் ஒரு மனிதனைச் செத்த மரத்தில் ஏற்றப்போகிறேன்.

நவம்பர் 4, திங்கள்

அப்பாவிடம் சொல்ல இரண்டு முறை போனேன். ஒரு முறை அம்மா இருந்தாள். இன்னொரு முறை யாரும் இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஸ்கூல் விட்டதும் ஓடினேன். மரத்தடியில் மேடம், அப்பா, பொன்னான் அண்ணன், வாக்கிங் ஆட்கள் எல்லோரும் ரிப்பனுக்கு வெளியே நின்றார்கள். ஹஃப்சாவும் இருந்தாள். இன்று படிப்பகம் திறந்துவிடும் என்று புத்தகப் பையோடு வந்திருந்தாள். தேனீ எடுக்க வந்தவர் பெயர் மாதன். ஒல்லியாக, வெற்றிலைச் சிவப்பு வாயோடு இருந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“கூடு இருந்தா ஒரு ஈயாச்சும் வெளிய சுத்தோணுமே. ஒண்ணையும் காணமுங்க.”

“கொடிக்குள்ள இருக்கும். ஏறிப் பாத்துடுங்க” என்றார் மேடம்.

மாதன் ஏணியை மரத்தில் சாய்த்தார். முதல் படியில் கால் வைத்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க எறங்குங்க. இது நான் வெச்ச மரம். எங்க கால் வெக்கறதுன்னு எனக்குத்தான் தெரியும்.”

“ஏனுங்க, தேனீயும் உங்களுக்குச் சொந்தக்காரனுங்களா?” என்றார் மாதன். எல்லோரும் சிரித்தார்கள்.

பொன்னான் அண்ணன் சிரிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து, “வேண்டாங்ண்ணா” என்றார்.

“விடு பொன்னா.”

செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். ஏறினார். ஏணி முடிந்ததும் முதல் கவைக்குக் காலைத் தூக்கினார். கூடே இல்லாத மரத்தில் கூடு தேடி என் அப்பா ஏறிக்கொண்டிருந்தார். கிழக்குப் பக்கம் மண் மெல்ல மேலே எழும்புவதை நான் பார்த்தேன். யாரோ கீழிருந்து போர்வையை விலக்குவது மாதிரி.

கத்தினேன். என் குரல் மாதிரியே இல்லை.

“அப்பா எறங்குங்க! கூடு இல்ல! போர்டு வெச்சது நானு! மரம் செத்துப்போச்சு! மரம் செத்துப்போச்சு!”

அப்பா திரும்பிப் பார்த்தார். அதே நேரம் அவர் காலடியில் பட்டை ஒரு பலகை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அப்பா சறுக்கினார். கையில் அகப்பட்ட கொடியைப் பிடித்துத் தொங்கினார். கொடி தாங்கியது. படியிலிருந்து இரண்டு மண்கற்கள் உருண்டு வந்து ரிப்பனில் முட்டி நின்றன. மாதன் ஏணியை நகர்த்திப் பிடித்தார், பொன்னான் அண்ணன் தோளைக் கொடுத்தார், அப்பா இறங்கிவிட்டார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

மேடம் மெதுவாகப் போய், கார்ச் சாவியால் மரத்தைக் கீறிப் பார்த்தார். இன்னோர் இடத்தில் கீறினார்.

“எப்பலேந்து, துரைசாமி?” இதுவரை ‘சார்’ இல்லாமல் அவர் அப்பாவைக் கூப்பிட்டதே இல்லை.

“வைகாசில இருந்துங்க.”

“வைகாசிலேந்து! இத்தன பேர் இதுக்குக் கீழ…” மேடம் மேற்குப் படியைப் பார்த்தபடி நின்றார்.

ஹஃப்சா என் முன்னால் வந்தாள். “உனக்கு எப்பத் தெரியும்?”

“பதினாலாந்தேதி.”

“போர்டு வெச்சது?”

“இருபத்தேழு.”

விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

நவம்பர் 6, புதன்

உரிந்த கையால் அப்பாவுக்குப் பிசைய முடியவில்லை. ஸ்பூனில் சாப்பிட்டார். அடிப்பார் என்று காத்திருக்கிறேன்.

கிளாஸில் ஹஃப்சா வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நவம்பர் 7, வியாழன்

இன்று கிரேன் வந்தது. நான் ஸ்கூலுக்குப் போகவில்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

முதலில் கொடியை அறுத்தார்கள். இரண்டு டிராக்டர் லோடு வந்தது. அதற்கு உள்ளே நின்றது வெறும் சாம்பல் நிறக் கட்டை. இதன் கீழேயா நாங்கள் பரீட்சைக்குப் படித்தோம்! கிரேன் இழுத்தபோது சண்டையே போடாமல் வந்துவிட்டது. அடியில் புது வேர் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் ஒழுகியது. அழுகின நாற்றத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். அப்புறம் வெள்ளையாக வெளியே வந்தது. என் சாக்கு. ஒன்பது மாதத்துக்கு மேல் மண்ணுக்குள் இருந்தும் அரிசி மில் பெயர் அப்படியே படிக்க முடிந்தது.

மேடம் குனிந்து அதைத் தொட்டார். “பிளாஸ்டிக்! யார் இதைச் சுத்தினது?”

நான் மூச்சை இழுத்தேன்.

“நாந்தானுங்க” என்றார் அப்பா. “அவசரத்துல சுத்திட்டு எடுக்க மறந்துட்டனுங்க.”

மேடம் அவரை முகத்துக்கு நேராகப் பார்த்தார். பிறகு காருக்குப் போய்விட்டார்.

நான் பேசவில்லை. அன்று கத்தினேனே, இன்று வாயே திறக்கவில்லை.

பொன்னான் அண்ணன் வேனுக்குப் பின்னால் என்னிடம் வந்தார். “வைகாசிலயே நாங்க தோண்டிப் பாத்துட்டோம் அம்மிணி.”

“நான்தான்னு…?”

“முடிச்சப் பாத்தாத் தெரியாதா? ஷூ லேசு கட்டறாப்புல பூ முடிச்சுப் போட்டிருந்தே. வேலை தெரிஞ்ச ஆளு எவன் அப்படிக் கட்டுவான்? உங்கப்பா குழிக்குள்ளயே உக்காந்துட்டாரு. ‘புள்ளைக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவா, மூடுடா’ன்னாரு. அப்பறம் ரிங் ரோட்டு வேலையும் வரவும்… ஒண்ணுக்கு மேல ஒண்ணு.”

வைகாசியிலிருந்து. என்னிடம் ரசத்தை நகர்த்தச் சொன்ன அன்றும். என் நகத்தைப் பார்த்த அன்றும். ஏணியில் ஏறும்போதும் கூடு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். மேஜையில் வெள்ளைத் தாள் இருந்தது.

“என்னால பேனா புடிக்க முடியல. நான் சொல்லச் சொல்ல எழுது. நாளைக்குக் கமிட்டிக்குக் குடுக்கோணும்.”

எழுதினேன். வேர்ப்பந்தைத் தேவைக்கு இரண்டடி குறைவாக வெட்டியது, தாங்குக் கம்பிகளை எடுக்க ஒப்புக்கொண்டது, மரம் இறந்ததை மறைத்துக் கொடி வளர்த்தது. ஒவ்வொன்றாகச் சொன்னார். ரிங் ரோட்டு மரங்களை யார் மாற்றினாலும் வேர்ப்பந்து எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், கம்பி எத்தனை மாதம் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவற்றை வெட்டிவிட வேண்டாம் என்றும் எழுதச் சொன்னார்.

“அடுத்து, பிளாஸ்டிக் சாக்கு என் கவனக்குறைவால் சுற்றப்பட்டது.”

பேனா நின்றுவிட்டது.

“எழுது அம்மிணி.”

எழுதினேன். ஆனால் அவர் சொன்னதை எழுதவில்லை. “பிளாஸ்டிக் சாக்கைச் சுற்றிக் கட்டி, அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தவள் என் மகள் நிரஞ்சனா, ஒன்பதாம் வகுப்பு. மரம் இறந்தது தெரிந்தும் பதின்மூன்று நாட்கள் தோழியை அதன் கீழ் உட்கார விட்டவளும் அவளே” என்று எழுதினேன். வேகமாக எழுதினேன். தாளை அவர் பக்கம் திருப்பினேன்.

அப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பது போல மெதுவாகப் படித்தார். அந்த இடம் வந்ததும் நின்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கிழித்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

கட்டுப் போட்ட கையால் பேனாவை எடுத்தார். வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டார். எப்போதும் தாளின் நடுவில் பெரிதாகப் போடுகிற கையெழுத்தை இன்று இடது ஓரத்தில் சின்னதாகப் போட்டார்.

வலது பக்கம் காலியாக இருந்தது. பேனாவை என் முன்னால் வைத்தார்.